முனி அடிக்கல மச்சி... பைப் லீக்!

தமிழ் சினிமாவுல ஒரு சீன் நமக்கெல்லாம் மனப்பாடம். நல்லா பாடிட்டிருக்கற ஹீரோ திடீர்னு இருமுவார். வெள்ளைக் கர்ச்சீப்பால வாயைத் துடைப்பார். கேமரா அப்படியே கர்ச்சீப்புக்கு குளோஸ்-அப் போகும். நடுவுல செவப்பா ஒரு பொட்டு! அவ்வளவுதான். ஹீரோயினை வேற ஒருத்தருக்குக் கட்டி வெச்சுட்டுச் சாகறதைத் தவிர அவருக்கு வேற வேலையே இருக்காது.

நம்ம சேலம், நாமக்கல் ஏரியாவுல இதுக்கு லோக்கல் வெர்ஷன் ஒண்ணு ஓடுது. 'உச்சி வெயில்ல புளியமரத்தடியில தனியா போனான், முனி அறைஞ்சிருச்சு, ரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்துட்டான்.' இந்தக் கதையைச் சொல்லாத பாட்டி நம்ம ஊர்ல உண்டா என்ன?

மூணாவது வெர்ஷன் ரொம்ப சிம்பிள். 'ஒண்ணுமில்ல கண்ணு, உடம்புச் சூடு. ரெண்டு எளநி குடி, சரியாப் போயிரும்.'

மூணு வெர்ஷனுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு, கவனிச்சீங்களா? எதுலயும் யாரும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாங்க. ஆனா ஓடுற ரத்தத்தை நெஞ்சைக் கிழிக்காம, மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்காம, தொடையில ஒரு சின்ன ஓட்டை போட்டு நிறுத்தற டெக்னிக் வந்து 50 வருஷத்துக்கு மேல ஆச்சு பாஸ்! அந்த மேட்டரைத்தான் இந்த வாரம் பிரிச்சு மேயப் போறோம். பயப்படாதீங்க... நான் மெக்கானிக்கல். எனக்குப் புரிஞ்சா உங்களுக்கும் புரியும்.

வாந்தியா... இருமலா?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்ல வாய் வழியா ரத்தம் வந்தா எல்லாமே 'ரத்த வாந்தி'தான். ஆனா டாக்டருக்கு இது ரெண்டு தனித்தனி கேஸ். வயித்துலேர்ந்து வர்ற ரத்தம் பெரும்பாலும் கறுத்து, காபித்தூள் மாதிரி, சாப்பாட்டோட கலந்து குமட்டலோட வரும். நுரையீரல்லேர்ந்து வர்றது இருமலோட, நல்ல செவப்பா, நுரையும் சளியுமா வரும். ஆஸ்பத்திரியில போய் 'வாந்தி எடுத்தார்'னு சொல்றதுக்கும் 'இருமும்போது வந்துது'ன்னு சொல்றதுக்கும் அவங்க பார்க்கற ரூட்டே மாறிடும். கூடப் போறவன் இதைக் கரெக்டா சொன்னாலே பாதி உதவி. (மூக்குலயும் ஈறுலயும் கசியற ரத்தம் சளியில கலந்து வர்றதும் உண்டு. அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். நீங்களா முடிவு பண்ணாதீங்க!)

ஒரு வீடு... ரெண்டு பைப்லைன்!

இப்ப கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். ஓடாதீங்க, இன்டர்னல்ஸ் எல்லாம் இல்லை!

நுரையீரலுக்கு ரத்தம் ரெண்டு லைன்ல வருது. முதல் லைன், நுரையீரல் தமனி. இதயத்தோட வலது பக்கத்துலேர்ந்து நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இதுலதான் ஆக்ஸிஜன் ஏத்திக்கப் போகுது. அளவு ஜாஸ்தி, ஆனா பிரஷர் ரொம்பக் கம்மி. சராசரியா 15 மில்லிமீட்டர் பாதரசம்தான். காட்டுக்குத் தண்ணி பாய்ச்சற வாய்க்கால் மாதிரி அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்.

ரெண்டாவது லைன், மூச்சுக்குழாய்த் தமனி. 'ப்ராங்கியல் ஆர்ட்டரி'ம்பாங்க. நுரையீரலும் ஒரு உறுப்புதானே, அதுக்கும் சாப்பாடு வேணுமே! அதுக்காக நெஞ்சுல இறங்கற மகாதமனியிலேர்ந்து நேரா பிரியற சின்னக் கிளை இது. மொத்த ரத்தத்துல சுமார் 1 சதவீதம்தான் இதுல போகுது. ஆனா பிரஷர்? கையில பெல்ட் கட்டிப் பார்ப்பாங்களே, அதே 120/80 லெவல். ஓவர்ஹெட் டேங்குலேர்ந்து நேரா இறங்கற முக்கால் இஞ்ச் பைப் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

இப்ப சொல்லுங்க, எந்த பைப் உடைஞ்சா வீடு நாறும்? கரெக்ட்! நுரையீரல்லேர்ந்து கொட்டற அளவுக்கு ரத்தம் வர்ற கேஸ்கள்ல, சுமார் 90 சதவீதத்துக்கு இந்த 1 சதவீத லைன்தான் காரணம்.

நல்லா இருக்கறவங்க உடம்புல இந்தக் குழாயோட விட்டம் 1.5 மில்லிமீட்டருக்கும் கம்மி. காசநோய் வந்து நுரையீரல்ல குகை மாதிரி பள்ளம் விழுந்தாலோ, மூச்சுக்குழாய் நிரந்தரமா விரிஞ்சுபோனாலோ, பழைய காசநோய்ப் பள்ளத்துக்குள்ள காளான் உருண்டை வளர்ந்தாலோ, புற்றுநோய் வந்தாலோ, அந்த இடத்துல ரத்த ஓட்டம் எகிறுது. குழாய் வீங்கி, பாம்பு மாதிரி நெளிஞ்சு, கண்ட இடத்துல புதுக் கிளை விடுது. புதுசா முளைச்ச குழாய்க்கு சுவர் மெலிசு. உள்ளே பிரஷரோ ஃபுல். ஒருநாள் ஒரு இருமல்... டமால்!

அடுத்த விஷயம்தான் எனக்கே ஷாக். இதுல உயிர் போறது பெரும்பாலும் ரத்தம் குறைஞ்சு இல்லை, மூச்சு அடைச்சு. மூக்குலேர்ந்து நுரையீரல் போற காத்துப் பாதையோட மொத்தக் கொள்ளளவு சுமார் 150 மில்லிதான். டீக்கடை கிளாஸ் ஒண்ணு! விபத்துல ஒரு கிளாஸ் ரத்தம் போனா ஆள் எழுந்து உட்கார்ந்துடுவார். அதே ஒரு கிளாஸ் காத்துப் பாதைக்குள்ள உறைஞ்சா, தரையில நிக்கும்போதே மூழ்கற கதைதான். ஸோ, இந்த வியாதிக்குக் கடிகாரம்தான் முதல் வில்லன்.

ரிக் வண்டிக்காரர் சொன்னது

திருச்செங்கோடுன்னா உங்களுக்குத் தெரியும்... போர்வெல் ரிக் வண்டி! காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் எங்க பாறையைத் துளைச்சாலும் நம்ம ஊர் வண்டி ஒண்ணு நிக்கும். பாறையைத் துளைக்கும்போது கிளம்பற அந்த வெள்ளைப் புகை இருக்கே, அதுல சிலிக்கா தூசி இருக்கு. வருஷக்கணக்குல அதை சுவாசிச்சா நுரையீரல்ல தழும்பு விழும். சிலிகோசிஸ்னு பேரு. அந்த நுரையீரலுக்குக் காசநோய் வர்ற வாய்ப்பும் மத்தவங்களைவிடப் பல மடங்கு ஜாஸ்தி.

எங்க கிளாஸ் பையன் ஒருத்தனோட சித்தப்பா அப்படி 14 வருஷம் ரிக்ல இருந்தவர். வெளிமாநிலத்துல சைட்ல இருக்கும்போது முதல் தடவை இருமல்ல ரத்தம். "சூடுன்னு நெனைச்சேன் தம்பி. மோர் வாங்கிக் குடிச்சுட்டு ராடு மாத்தப் போயிட்டேன்" என்றார். ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "புள்ளைக்கு வரன் பார்த்துட்டிருந்தோம்ங்க. டி.பி.னு தெரிஞ்சா யாரு வருவாங்க?" என்றார்.

ரெண்டு மாசம் கழிச்சு வீட்டுலயே ராத்திரி ஒரு டம்ளர் ரத்தம். சித்தி அலறின அலறல்ல தெருவே எழுந்துருச்சு. 'விடியட்டும், கோயிலுக்குப் போயிட்டு அப்புறம் பார்க்கலாம்'னு ஒரு குரூப். 'இப்பவே கெளம்பு'ன்னு இன்னொரு குரூப். ரெண்டாவது குரூப் ஜெயிச்சதாலதான் இந்தக் கதையை அவர் வாயாலேயே நான் கேட்க முடிஞ்சது. "சாமிக்கு நேர்ந்துக்கிட்டதை அப்புறமா போய் முடிச்சேங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல" என்று சிரிக்கிறார் மனுஷன்.

அவருக்குப் பண்ணினதுதான் 'ப்ராங்கியல் ஆர்ட்டரி எம்போலைசேஷன்'. பேரைப் பார்த்து மிரளாதீங்க. தமிழ்ல சொன்னா, கசியற குழாயை உள்ளேயிருந்தே அடைக்கறது!

கம்பி, டியூப், கோப்ரா!

தொடை இடுக்குல மரத்துப் போக ஊசி. அங்க இருக்கற தமனியில ஒரு ஊசியைக் குத்தி, அது வழியா மெல்லிசு கம்பியை விடுவாங்க. ஊசியை உருவிட்டு, கம்பி மேலேயே சுமார் ஒண்ணரை மில்லிமீட்டர் தடிமன் டியூபைக் கோத்து உள்ளே தள்ளுவாங்க. கம்பி ரூட் போடும், டியூப் பின்னாடியே போகும். மகாதமனி வழியா மேலே ஏறி, முதுகெலும்புல அஞ்சாவது, ஆறாவது நெஞ்செலும்புக் கட்டைக்கு நேரா வந்ததும் அந்தச் சின்னக் கிளையோட வாயைத் தேடணும். அதுக்காகவே நுனி வளைஞ்ச டியூப்கள் இருக்கு. அதுல ஒரு மாடலுக்கு, படம் எடுக்கற பாம்பு மாதிரி வளைவு. பேரே 'கோப்ரா'!

இந்த 'ஊசி-கம்பி-டியூப்' ஐடியாவைக் கொடுத்தவர் ஸ்வீடன்காரர் ஸ்வென் ஐவார் செல்டிங்கர். 1953-ல அதை எழுதி வெளியிட்டப்போ அவருக்கு 32 வயசு. அதுக்கும் முன்னாடி 1929-ல ஜெர்மனியில வெர்னர் ஃபோர்ஸ்மான்னு டாக்டர் ஒருத்தர், தன்னோட முழங்கை ரத்தக்குழாய்லயே டியூபை விட்டு, இதயம் வரைக்கும் தள்ளி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டார். அப்ப திட்டு வாங்கினவருக்கு 1956-ல நோபல் பரிசு! அமெரிக்காவுல சார்லஸ் டாட்டர்னு ஒருத்தர். காலை வெட்ட மாட்டேன்னு அடம்பிடிச்ச 82 வயசுப் பாட்டியோட அடைச்சுப்போன கால் தமனியை 1964 ஜனவரியில டியூபாலயே திறந்து காட்டினவர். கிடார் கம்பி, கார் ஸ்பீடாமீட்டர் கேபிள்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் வெச்சு கம்பி செஞ்சு பார்த்த ஆள். நம்ம ஒர்க்‌ஷாப் லேப்ல இருந்திருந்தா ஹெச்.ஓ.டி. துரத்தியிருப்பார்!

அவங்க போட்ட ரோட்டுல, பிரான்ஸ்ல லீல் நகரத்து ஜாக் ரெமி 1973-ல மூச்சுக்குழாய்த் தமனியை அடைச்சு ரத்தத்தை நிறுத்தலாம்னு எழுதினார். அதுக்கு முன்னாடி இந்த கேஸுக்கெல்லாம் நெஞ்சைத் திறந்து நுரையீரல்ல ஒரு பகுதியையே வெட்டி எடுக்கறதுதான் பெரிய வழி. அதுவும் ரத்தம் கொட்டிட்டிருக்கும்போது ஆபரேஷன்னா ரிஸ்க் பயங்கரம். இன்னிக்கும் சில கேஸுக்கு ஆபரேஷன் தேவைப்படுது. ஆனா முதல்ல ரத்தத்தை நிறுத்திட்டு, நிதானமா செய்யலாம்.

கழித்தல் கணக்கும் கஞ்சி போட்ட பாவும்

சரி, இருட்டுல டியூப் எங்க போகுதுன்னு எப்படித் தெரியும்? அயோடின் கலந்த மருந்தை உள்ளே விட்டா ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில தெரியும். ஆனா நடுவுல விலா எலும்பு, முதுகெலும்புன்னு ஒரே டிராஃபிக். அதுக்கு இன்ஜினீயர்கள் கண்டுபிடிச்ச தந்திரம், ஒண்ணாங் கிளாஸ் கழித்தல்! மருந்து விடறதுக்கு முன்னாடி ஒரு படம், விட்டப்புறம் ஒரு படம். ரெண்டாவதுலேர்ந்து முதலாவதை பிக்ஸல் பிக்ஸலா கழிச்சா எலும்பெல்லாம் மறைஞ்சு, குழாய் மட்டும் கிளை கிளையா தெரியும். டி.எஸ்.ஏ.னு பேரு. நோயாளி நடுவுல அசைஞ்சா கணக்கு தப்பும். அதனாலதான் 'மூச்சைப் பிடிங்க... விடுங்க'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. இருமிட்டே இருக்கறவருக்கு அது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

கோளாறான குழாயைக் கண்டுபிடிச்சாச்சு. எதால அடைக்கறது? பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால். பி.வி.ஏ. துகள்! குமாரபாளையம், பள்ளிபாளையம் பசங்க இப்ப நிமிர்ந்து உட்காருவீங்களே... ஆமா, அதேதான். தறியில ஏத்தறதுக்கு முன்னாடி பாவு நூலுக்கு கஞ்சி போடறப்ப சேர்க்கறாங்களே, அந்த பி.வி.ஏ. குடும்பம்தான். சைசிங்ல போறது தண்ணியில கரையற ரகம். ஆஸ்பத்திரியில போறது கரையாத மாதிரி பக்குவப்படுத்தின ரகம்.

துகளோட சைஸ்லதான் மொத்த சூட்சுமமும். பொதுவா 300 முதல் 500 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டருக்குள்ள. ரொம்பப் பொடியா இருந்தா என்ன ஆகும்? நான் சொன்ன ரெண்டு பைப்லைனுக்கும் நடுவுல குட்டிக் குட்டி குறுக்குச் சந்துகள் உண்டு. விட்டம் சுமார் 325 மைக்ரான். அது வழியா துகள் தப்பிச்சுப் போனா மூளைக்கே போய் அடைக்கலாம். ரொம்பப் பெருசா இருந்தா வாசலையே அடைச்சுடும். நாளைக்கு மறுபடி ரத்தம் வந்தா டியூப் உள்ளே போக வழி இருக்காது.

இன்னொரு கண்ணிவெடியும் இருக்கு. தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கற தமனி சில பேருக்கு இதே கிளையிலேர்ந்து பிரியும். படத்துல ஹேர்பின் மாதிரி வளைஞ்சு தெரியும். அதைக் கவனிக்காம துகளை விட்டா கால் ரெண்டும் செயலிழந்துடலாம். அபூர்வம்தான், ஆனா டாக்டர்கள் ரொம்பப் பயப்படறது இதுக்குத்தான். அதனால முதல்ல படம், அப்புறம்தான் துகள். தேவைப்பட்டா ஒரு மில்லிமீட்டரைவிட மெலிசான இன்னொரு டியூபை உள்ளே விட்டு, ஆபத்தான கிளையைத் தாண்டிப் போய் அடைப்பாங்க. சாதாரணமா ரெண்டு மூணு நாள் நெஞ்சு வலி, முழுங்கும்போது கொஞ்சம் சிரமம் இருக்கும். சித்தப்பாவுக்கும் இருந்துது. தையல் ஒண்ணுகூட இல்லை.

ஆனா... அரியர் வரும்!

'சூப்பர், அடைச்சாச்சு, படம் முடிஞ்சுது'ன்னு எழுந்து போயிடாதீங்க. இன்டர்வெல்தான்!

உடனடியா ரத்தம் நிக்கற வாய்ப்பு, ஆய்வுகளைப் பொறுத்து 70 முதல் 99 சதவீதம். ஆனா பின்னாடி மறுபடி வர்றதும் பத்துல ஒருத்தர்லேர்ந்து பாதிப் பேர் வரைக்கும் இருக்கு. ஏன்னா நாம அடைச்சது லீக்கை மட்டும்தான். பைப்பை அரிச்ச வியாதி உள்ளேயே உட்கார்ந்திருக்கு. அதுக்கு மருந்து சாப்பிடலைன்னா அது வேற கிளை விட்டு மறுபடி வரும், கிளியர் பண்ணாத அரியர் மாதிரி!

காசநோய்னா குறைஞ்சது 6 மாசம் மாத்திரை. ரெண்டாவது மாசமே உடம்பு தேறிடும், பசிக்கும், இருமல் நிக்கும். அங்கதான் பல பேர் மாத்திரையை நிறுத்தறாங்க. இன்டர்னல்ஸ்ல நல்ல மார்க் வந்துட்டுன்னு செமஸ்டர் எழுதாம விடுவீங்களா? அது மாதிரிதான் இதுவும். உலகத்துக் காசநோயாளிகள்ல சுமார் நாலுல ஒருத்தர் இந்தியர். பரிசோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். சத்தான சாப்பாட்டுக்காக மாசம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு (2024 நவம்பருக்கு முன்னாடி 500 ரூபாயா இருந்துது).

'தெரிஞ்சா யாரு வருவாங்க'ன்னு சித்தப்பா கேட்டாரே, அதுக்கு பதில் நம்ம சென்னையிலேயே கிடைச்சுருக்கு. ஒரு காலத்துல காசநோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பி மாசக்கணக்குல ஒதுக்கி வெச்சாங்க. 1956-ல சென்னையில ஆரம்பிச்ச ஒரு ஆய்வுல 193 நோயாளிகளை ரெண்டு பிரிவாக்கி, பாதிப் பேருக்கு வீட்டுலயே மாத்திரை, பாதிப் பேருக்கு சானடோரியத்துல மாத்திரைன்னு ஒரு வருஷம் பார்த்தாங்க. வீட்டுல இருந்தவங்க நெருக்கடியான வீட்டுல, சாதாரண சாப்பாட்டோட இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க. கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதல் ஆபத்து வரலை. 1959-ல வந்த இந்த முடிவு உலகம் பூரா காசநோய் சிகிச்சையையே மாத்திருச்சு. மருந்தை ஒழுங்கா சாப்பிடறவரை யாரும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லைன்னு உலகத்துக்குச் சொன்னதே நம்ம ஊர்தான் பாஸ். நாமளே இன்னும் ஒளிச்சு வெச்சா எப்படி?

பர்ஸ்ல வெச்சுக்கோங்க!

* சளியில துளி ரத்தம் வந்தாலும், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க. சளிப் பரிசோதனை பண்ணுங்க. சிபிநாட் மெஷின் சுமார் ரெண்டே மணி நேரத்துல ரிசல்ட் சொல்லிடும்.

* ரத்தம் அதிகமா வந்தா உடனே 108. பைக்ல நடுவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போற வீரமெல்லாம் வேண்டாம்.

* எந்தப் பக்க நுரையீரல்ல பிரச்னைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்தப் பக்கம் கீழே இருக்கற மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நல்ல நுரையீரலுக்குள்ள ரத்தம் இறங்காது. தெரியலைன்னா சாய்ஞ்சு உட்கார வெச்சு, ரத்தத்தை முழுங்காம துப்பச் சொல்லுங்க.

* எளநி, மோர், சோடா... எதுவும் வாயில ஊத்தாதீங்க.

* எவ்வளவு வந்துதுன்னு டம்ளர் கணக்குல சொல்லுங்க. செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ரத்தத்தை இளக்கற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரான்னு ஞாபகமா சொல்லுங்க.

* ஆஸ்பத்திரியில கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: 'டியூப் வழியா ரத்தக்குழாயை அடைக்கற வசதி இங்க இருக்கா? இல்லைன்னா எங்க இருக்கு?' எல்லா ஊர்லயும் இந்த வசதி கிடையாது. அதனால கேள்வியை விடியற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போய், அங்கேயே கவுன்டர்ல விசாரிங்க.

சித்தப்பா இப்ப மாத்திரையில நாலாவது மாசம். ரிக்குக்குத் திரும்பப் போகப் போறதில்லையாம், சொந்தமா ஒரு டீக்கடை போடறார். பொண்ணு கல்யாணம்? மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லிட்டாங்க. 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?'ன்னு மட்டும்தான் கேட்டாங்களாம். தை மாசம் முகூர்த்தம்!

ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல ராத்திரி ராத்திரி ஒருத்தன் இருமிட்டே இருக்கானா? அவனுக்கு 'சூடு'ன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. காலையில முதல் பீரியடை கட் அடிச்சுட்டு, அவனைச் சளி டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அட்டெண்டன்ஸ் போனா போகுது மச்சி!

அடுத்த வாரம் வேற மேட்டரோட மீட் பண்ணலாம்... பை!